இடுப்பில் ஸ்டியரிங், மணலில் பிரேக்

ஓஹாயோ மாநிலத்து டேட்டன் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். 1899-ல் ஒருநாள், அண்ணன் வில்பர் ரைட் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, டியூப் வந்த காலி அட்டைப்பெட்டியைச் சும்மா முறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது, மூளை ஓடியது: பெட்டி முறுக்கிக்கொள்ளுமானால் விமான இறக்கை முறுக்கிக்கொள்ளாதா? வந்தவருக்கு டியூப் கிடைத்ததா என்று யாரும் கவலைப்படவில்லை.

நாலு வருடத்தில் வண்டி தயார். ஓட்டுகிறவர் கீழ் இறக்கையில் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்புக்கு ஒரு தொட்டில். இடுப்பை ஒரு பக்கம் ஆட்டினால் கம்பிகள் இழுத்து இறக்கை முறுக்கும். பின்னால் சுக்கானும் கூடவே திரும்பும். இடது கை நெம்புகோலை அசைத்தால் மூக்கு ஏறும், இறங்கும். பன்னிரண்டு குதிரைசக்தி எஞ்சினுக்கு ஆக்ஸிலரேட்டர் கிடையாது. விசிறிக்குச் சக்தி போனது சங்கிலி வழியாக. தொழில் புத்தி!

பிரேக்? அதற்குச் சக்கரம் வேண்டுமே! 60 அடி மரத் தண்டவாளத்தில், சைக்கிள் ஹப் மேல் உருண்ட தள்ளுவண்டிதான் ஏற்றிவிட்டது. அதைக் கீழேயே விட்டுவிட்டுப் பறந்து, சறுக்குக்கட்டையால் மணலில் இறங்க வேண்டும். வட கரோலினாக் கடற்கரையின் மொத்த மணலும் பிரேக்.

1903 டிசம்பர் 14. யார் முதலில் என்று காசு சுண்டினார்கள். வில்பர் ஜெயித்தார், மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினார், மூன்றரை வினாடியில் மணலுக்கே திரும்பினார். 17-ம் தேதி தம்பி ஆர்வில் 12 வினாடியில் 120 அடி பறந்தார். அன்றைய நாலாவது முறை வில்பர் 59 வினாடி, 852 அடி. இறங்கும்போது முன்பக்கச் சட்டம் உடைந்தது. எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருக்கையில் ஒரு காற்று வந்து வண்டியையே புரட்டிப்போட்டது. ஓடும்போது மட்டுமல்ல, நிற்கும்போதும் பிரேக் இல்லை!

பின்னால் வந்தவர்கள் இடுப்பைத் தொடவில்லை. பாரிஸில் இருந்த பிரேசில்காரர் சாந்தோஸ் துமோன், நெம்புகோலைக் கோட்டின் முதுகில் மாட்டிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து ஓட்டினார். மோட்டார் சைக்கிள் செய்த கர்ட்டிஸ் தோளில் நுகம் பூட்டிக்கொண்டார். மாடு சிரித்திருக்கும்.

பிரெஞ்சுக்காரர் பிளெரியோதான் கைக்குக் குச்சி, காலுக்குக் கட்டை என்று ஒழுங்குபடுத்தினார். 1909 ஜூலை 25-ல் ஆங்கிலக் கால்வாயையும் தாண்டினார். சக்கரம் இருந்தது, பிரேக் இல்லை. டோவரில் இறங்கியபோது சக்கரக்காலும் விசிறியும் முறிந்தன. பரிசு ஆயிரம் பவுண்டு, வண்டிக்குத்தான் கட்டு.

இன்று வீட்டில் விமானம் கட்டுகிறவர்களில் பலர் சுக்கான் பெடலின் மேல்முனையிலேயே பிரேக்கையும் வைத்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் மிதிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரம் நிற்கும். இடுப்புக்கு வேலை இல்லை.