மேஸ்திரி வண்டியும் அதன் மெய்யான அளவும்: ஓர் ஆராய்ச்சி

ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. இருபது மூட்டை சேர்ந்தால் ஒரு டன். இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இக்கட்டுரையை மேலே படிக்க வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டும் அதன்படி நடக்காதவர்களைப் பற்றியதே இந்த ஆய்வு.

ஆய்வுக் களம் தமிழ்நாட்டின் சிறு கட்டட ஒப்பந்தக்காரர். வருஷத்துக்கு மூன்று நான்கு வீடு முடிப்பவர். சைட்டில் அவர் 'மேஸ்திரி', விசிட்டிங் கார்டில் 'பில்டர்ஸ் அண்டு பிரமோட்டர்ஸ்', மாமனார் வீட்டில் 'இன்ஜினீயர் மாதிரி'. வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்து ஒருநாள் அவருக்கு அலுத்துப்போகிறது. சொந்த வண்டி எடுப்பதென்று முடிவாகிறது. அன்று மாலையே மைத்துனன் வந்துவிடுகிறான். "எடுக்கறதுதான் எடுக்கறீங்க மாமா, பெருசா எடுத்துடுங்க. நாளைக்குத் தொழில் பெருகினா திரும்பவும் லோனுக்கு அலையணுமா?"

இந்தக் கேள்விதான் ஆய்வுச் சிக்கல். வண்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

முதலில் பெயர் ஆராய்ச்சி. டாடா நிறுவனம் 2005 மே மாதம் 'ஏஸ்' என்ற நான்கு சக்கரச் சிறு சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் பாரம். சீட்டாட்ட வாசனை அடிக்கும் அந்த ஆங்கிலப் பெயரை நம் ஜனங்கள் இரண்டு வாரம்கூட வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வடக்கே 'சோட்டா ஹாத்தி' ஆனது. இங்கே 'குட்டி யானை'. இலக்கணம் கற்றவர்களுக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்று கறாராகப் பங்கு பிரித்திருக்கிறது. யானைக்கு வழங்கியவை கன்றும் குழவியும். 'குட்டி' என்பது கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் வகையறாவுக்குப் போன பெயர். அந்தக் கணக்கில் ஏஸ் வண்டியை 'யானைக் கன்று' என்றே அழைத்திருக்க வேண்டும். 'குட்டி' இங்கே இளமையைச் சொல்லவில்லை, சிறுமையைச் சொல்லும் அடைமொழி என்று எதிர்வாதம் வைக்கலாம். அந்த வழக்கை மரபியலாரிடம் விட்டுவிட்டு மேலே போவோம்.

'டெம்போ' விஷயம் இதைவிட வேடிக்கை. ஜெர்மனியின் ஹாம்பர்க் பக்கத்தில் விடால் குடும்பத்தார் தயாரித்த மூன்று சக்கர வண்டியின் பிராண்டுப் பெயர் அது. பஜாஜ் கூட்டில் இந்தியாவுக்கு வந்து, மெல்ல மெல்லச் சிறிய சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இங்கே தயாரித்த நிறுவனமே 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம்மூர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. 'டெம்போ சொல்லியாச்சா?' என்றால் வந்து நிற்பது எந்தக் கம்பெனி வண்டியாகவும் இருக்கலாம். 2011-இல் அசோக் லேலண்டு நிசானோடு சேர்ந்து ஒன்றேகால் டன் வண்டி ஒன்றை இறக்கி, அதற்குத் 'தோஸ்த்' என்று பெயர் வைத்தது. பின்னர் 'படா தோஸ்த்' வந்தது. ஆக, கம்பெனிக்காரர்கள் வண்டியில் நண்பனைப் பார்க்கிறார்கள், ஜனங்கள் யானையைப் பார்க்கிறார்கள். தீனி போடுகிறவனுக்குத்தான் தெரியும் அது எது என்று.

இனி கணக்கு. முக்கால் டன் என்றால் பதினைந்து மூட்டை சிமென்ட். செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ; அப்படியானால் 250 கல். நம் தெருக்களில் குட்டி யானை மீது ஏறும் எண்ணிக்கை இதுவல்ல என்பதற்குக் களஆய்வு தேவையில்லை, டீக்கடை பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

தவறு முழுக்க மேஸ்திரியுடையதும் இல்லை. ஏஸ் வண்டியின் தொட்டி 2.2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். காய்ந்த மணல் கன மீட்டருக்கு 1.6 டன். ஆகவே பக்கப் பலகை மட்டத்துக்கு, ஒரு சட்டிகூடக் குவிக்காமல், தலைதட்டி மணல் நிரப்பினாலே பாரம் அனுமதித்ததைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. 'கால் யூனிட்தான் சார்' என்பதும் தப்பாது. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, நாலரை டன். அதில் கால் பங்கு ஒரு டன்னைத் தாண்டும். பாதித் தொட்டி காலியாகத் தெரியும்போதே வண்டி நிறைந்துவிட்டது என்று நம்புவதற்கு ஒரு துறவு மனம் வேண்டும். அந்த மனம் படைத்தவர்கள் வீடு கட்டும் தொழிலுக்கு வருவதில்லை.

துறவு மனம் இல்லாதவர்கள் போகுமிடம் பட்டறை. அங்கே பின் அச்சுக்கு மேல் கமான் பட்டை ஒன்றிரண்டு கூடுதலாகச் சொருகப்படுகிறது. வண்டி தாழாமல் நிற்கும். தாழாமல் நிற்பதைப் பார்த்து மேஸ்திரி இன்னும் ஐந்து மூட்டை ஏற்றுவார். ஆனால் பிரேக்கும் டயரும் அச்சும் பழைய முக்கால் டன்னுக்குச் செய்தவை. அவற்றிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இவ்விடத்தில் திருவள்ளுவரை அழைப்பது ஆய்வு மரபு. வலியறிதல் அதிகாரத்தில், ஏற்றுவது மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். கருத்தில் குறை காண முடியாது. ஆனால் போக்குவரத்துப் பார்வையில் ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு: மயிலிறகு ஏற்றினால் அச்சு முறிவதற்கு வெகு முன்பே இடம் தீர்ந்துவிடும். இதற்கு நிகரான சரக்கு இன்று நம்மிடம் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, காலியாக. ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். குட்டி யானையில் இரண்டை ஏற்றினால் அதன்பின் பக்கத்தில் ஒரு வாளி வைக்கத்தான் இடம் மிஞ்சும். தெர்மோகோல் தாளும் பி.வி.சி. பைப்பும் இந்த இனம். ஆகவே ஃபால்ஸ் சீலிங் போடுகிறவரும் பிளம்பரும் தொட்டியின் நீள அகலத்தைப் பார்த்து வண்டி வாங்க வேண்டும். கொத்து வேலைக்காரர் அச்சைப் பார்த்து. இருவருக்கும் ஒரே வண்டியைச் சிபாரிசு செய்யும் ஷோரூம் பையனுக்கு மாதக் கடைசி டார்கெட் இருக்கிறது என்று அறிக.

எடை, இடம் என்ற இரண்டுக்கும் அடங்காத ஒரு பொருள் மிச்சமிருக்கிறது. கம்பி.

காலை ஏழு மணி, கம்பிக் கடை வாசல். பத்து எம்.எம். கம்பி முப்பது எண்ணம். கம்பியின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். இது பத்தாம் வகுப்பைத் தாண்டாத மேஸ்திரிக்கும் மனப்பாடம். அதன்படி 12 மீட்டர் கம்பி ஒன்று 7.4 கிலோ, முப்பதும் சேர்ந்து 222 கிலோ. நான்கரை மூட்டை சிமென்ட் எடைகூட இல்லை. குட்டி யானைக்கு இது பலகாரம். ஆனால் நீளம்? நாற்பது அடியை நடுவில் மடித்தாலும் இருபது அடி. வண்டியின் மூக்கிலிருந்து வால் வரை மொத்த நீளமே பன்னிரண்டரை அடிதான். இரண்டு லோடுமேன்கள் கட்டைத் தூக்கிக் கேபின் மேல் சாய்க்கிறார்கள். தகரம் நசுங்காமலிருக்கக் கீழே ஒரு பழைய டயர். பின்பக்கம் கம்பி முனைகள் ரோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடுகின்றன. "அண்ணே, சிவப்புத் துணி?" என்கிறான் டிரைவர். கடைக்காரர் கல்லாவுக்கு அடியில் தேடி, ஆரஞ்சு எழுத்து போட்ட சிமென்ட் சாக்கின் கிழிசல் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். முனையில் அது கட்டப்படுகிறது. ஊர்வலம் புறப்படுகிறது. பின்னாலேயே ஹெல்மெட் இல்லாமல் ஒரு பைக்.

பெரிய வண்டி வாங்கினால் கம்பிப் பிரச்சினை தீருமா என்றால், தீராது. டாடா 407, 1986 முதல் இந்தியச் சாலைகளில் ஓடுவது. அதன் தொட்டி பத்தடி. ஐஷர் பதினான்கு அடி வண்டிக்கும் மடித்த கம்பி ஆறடி வெளியே நிற்கும். மடிக்காத கம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மூட்டு இல்லாத லாரி ஒன்று கேபினோடு சேர்த்து 12 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி. கம்பி மட்டுமே 12 மீட்டர். கம்பியை நீட்டி உருட்டும் ஆலையும், வண்டியைக் குறுக்கி அளக்கும் விதியும் ஒருநாளும் சந்தித்துப் பேசிக்கொண்டதாகத் தோன்றவில்லை. ஆகவே கம்பியை வைத்து வண்டி அளவைத் தீர்மானிப்பவர் முடிவில் டிரெய்லர்தான் வாங்க நேரும். அந்த ஒரு நடைக்கு நீள வண்டியை வாடகைக்குப் பிடிப்பதே அறிவு.

சட்டமும் அளவு சொல்கிறது. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட் கேட்பதில்லை. சாதாரண இலகுரக ஓட்டுநர் உரிமம் 7,500 கிலோ வரை செல்லும். அந்த உரிமத்தோடு அதே எடைக்குள் சரக்கு வண்டியும் ஓட்டலாமா என்பது நெடுங்கால வழக்கு. ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. மேஸ்திரியின் மூத்த மகன் 407-ஐ எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போகும்போது அவனுக்குப் பின்னால் ஓர் அரசியல் சாசன அமர்வு நிற்கிறது என்பதை அவன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இன்னொரு பிரிவை அவன் அவசியம் அறிய வேண்டும்: 194. 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்குத் தலா 2,000, இறக்கிவைக்கும் கூலி தனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கும் அதே 20,000. முப்பது மூட்டை சிமென்ட்டை ஒரே நடையில் கொண்டுவந்து மிச்சம் பிடிக்கப் பார்த்தவருக்கு அபராதம் அந்த முப்பது மூட்டையின் விலையையும் தாண்டும்.

பின் தொட்டியில் ஆறு ஆட்களை உட்காரவைத்துப் போகும் கணக்கை இந்த ஆய்வு சேர்க்கவில்லை. சட்டமும் சேர்ப்பதில்லை, விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் சேர்க்கவே மாட்டார்.

இவ்வளவும் எழுதியபின் ஆய்வின் அடிப்படையையே அசைக்கும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மணலும் செங்கல்லும் ஜல்லியும் மேஸ்திரியின் வண்டியில் வருவதே இல்லை. எம்-சாண்ட் டிப்பரில் யூனிட் கணக்கில் வந்து கொட்டப்படுகிறது. செங்கல் சூளை லாரியில். சிமென்ட்டைக் கடைக்காரரே தன் வண்டியில் இறக்கிவிடுகிறார். அப்படியானால் மேஸ்திரிக்கு வண்டி எதற்கு? மற்ற யாரும் கொண்டுவந்து தராத பொருள்களுக்கு. சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி, சவுக்குக் கம்பு, சாரக் கயிறு, வைப்ரேட்டர், மம்பட்டி, சட்டி, ஒரு வீட்டில் மிஞ்சி அடுத்த வீட்டுக்குப் போகும் ஒன்பது மூட்டை சிமென்ட், பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ரசமட்டமும் தூக்குக்குண்டும் டீக்கணக்கு நோட்டும்.

இவற்றில் கனமானது சென்ட்ரிங். ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு மூன்றுக்கு இரண்டு அடி ஷீட் 167 வேண்டும்; ஜாக்கியும் கம்பும் வேறு. எப்படிப் பார்த்தாலும் ஒரு டன்னுக்கு மேல், பல நடை. ஆனால் அது ஒரு தளத்துக்கு ஒருமுறை வேலை. ஏற்றி, அடித்து, கான்கிரீட் போட்டு, பிரித்து அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோக வாரக்கணக்கு ஆகும். மீதி நாளெல்லாம் வண்டியில் இருப்பது மேற்படி தகரப் பெட்டியும் இரண்டு மூட்டையும். சென்ட்ரிங் நாள்களுக்காக ஐஷர் வாங்கி நிறுத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், மாதத் தவணை என்று அது நின்றுகொண்டே தின்னும்.

மைத்துனன் சொன்ன 'நாளைக்கு' என்ற அந்த நாள் எந்த அளவிலும் அடங்குவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கடைசித் தீர்ப்பு ஷோரூமிலும் இல்லை, சட்டப் புத்தகத்திலும் இல்லை; தெருமுனையில் இருக்கிறது. மதுரை மாசி வீதிகளில் சித்திரைத் தேரே திரும்பும். அதிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் புல்லட் திரும்பினால் பெரிய விஷயம். ஏஸ் ஐந்தடி அகலம், 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். டிப்பர் எட்டடி. அது முனையோடு நின்று மணலைக் கொட்டிவிட்டுப் போகும். அங்கிருந்து சைட் வரை சித்தாள் சட்டியில் சுமந்தாக வேண்டும். அந்தக் கூலி எஸ்டிமேட்டில் ஒருநாளும் இருந்ததில்லை, பில்லில் ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

நம் மேஸ்திரி கடைசியில் ஒன்றேகால் டன் வண்டியை எடுத்தார். கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் வாடகை வண்டி, மற்ற நாளெல்லாம் சொந்த வண்டி. இந்த ஆய்வின் முடிவும் அதுவே. மைத்துனன் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூமி பூஜைக்கு நாள் பார்க்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருமுனையை அளந்து மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். ரோட்டின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. எதிர்வீட்டுக்காரர் வெளியே இழுத்துக் கட்டியிருக்கும் படிக்கட்டையும் சாக்கடை மேல் போட்ட கடப்பைக் கல்லையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை அளக்க வேண்டும்.