சூளைக்குள் ஓர் எக்ஸ்

கேள்வி: பள்ளியில் படித்த இயற்கணிதத்தால் வாழ்க்கையில் எவருக்கேனும் பயன் உண்டா?
— ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: செராமிக் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அமைந்துள்ள ஊரிலிருந்தே இக்கேள்வி எழுவது, கடற்கரையில் நின்று உப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

அச்சில் வார்த்த களிமண் பொம்மை, உலரும்போதும் சூளையில் வேகும்போதும் நீரை இழந்து, துகள்கள் நெருங்கிச் சிறுத்துப்போவதைச் 'சுருக்கம்' என்பர். சுருக்கம் 12 விழுக்காடு எனவும், விற்பனைக்கு 22 சென்டிமீட்டர் உயரப் பிள்ளையார் தேவை எனவும் கொண்டால், 22-உடன் அதன் 12 விழுக்காட்டைக் கூட்டி 24.64 என அச்சு செய்பவருக்கு 21.68 சென்டிமீட்டர் பிள்ளையாரே கிட்டுவார். குறைந்த உயரத்துக்கு அவர் கோபிக்கமாட்டார் எனினும், கொள்முதல் செய்த வணிகர் கோபிப்பார்.

பிழை யாதெனில், சுருக்கம் கணக்கிடப்படுவது வெந்த உயரத்தின் மீதன்று, வேகாத உயரத்தின் மீதாகும். தெரியாத அவ்வுயரத்துக்கு எக்ஸ் என்று பெயரிட்டு, அதில் 88 விழுக்காடு எஞ்சும் என்பதை 0.88 எக்ஸ் = 22 என்னும் சமன்பாடாக, அதாவது இருபுறமும் நிகரான கூற்றாக எழுதி, 22-ஐ 0.88-ஆல் வகுத்தால் 25 சென்டிமீட்டர் என்னும் விடை கிடைக்கும். தள்ளுபடிக்குப் பிந்தைய விலையிலிருந்து அசல் விலையைக் காண்பதற்கும் இதுவே வழி.

உங்கள் ஊர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சிவனடியார் சுந்தரர் இறையருளால் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். அத்தகைய அருள் வாய்க்காதவர்கள் வகுத்தல் பழகுவதே நலம்.