காட்டிக் கொடுத்தவருக்கு 200 ஷில்லிங்

ஒரு ஏழை நாட்டில் நோய்க் கண்காணிப்பைத் தொடங்கினால் முதல் வருடம் என்ன நடக்கும்? நோய் கூடிவிடும். எத்தியோப்பியாவில் அதுதான் நடந்தது. 1970இல் நாடு முழுக்கப் பெரியம்மை கண்டவர்கள் 722 பேர் என்று அரசாங்கக் கணக்கு சொன்னது. 1971 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்கள் வந்து இறங்கி, ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். வருடக் கடைசியில் கணக்கு 26,329. அம்மை என்னவோ பழைய அம்மைதான், எண்ணுவதற்கு ஆள் வந்துவிட்டது. சுகாதாரத் துறைக்கு இது எப்படி ருசிக்கும்? தேடாதவரைக்கும் சௌக்கியமாக இருந்த நாடு, தேடின மறுநாளே சீக்காளி.

அமைச்சகம் முதலிலேயே வேண்டாவெறுப்பாகத்தான் இருந்தது. மலேரியாவை ஒழிக்கிற வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, இதில் அம்மை வேறா என்றார்கள். பேச்சில் நியாயமும் இருந்தது. அங்கே சுற்றியது பெரியம்மையின் சாது வகை. நூறு பேருக்கு வந்தால் ஒருவரோ இருவரோ சாவார்கள். இந்தியாவில் சுற்றிய வகை நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் கொண்டுபோனது. ஆகவே எத்தியோப்பிய மலைக்கிராமத்து ஜனங்கள் அம்மைக்கு அவ்வளவாகப் பயப்படவில்லை. அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டால்தான் பயம். சில ஊர்களில் வரவேற்பே துப்பாக்கியோடு நடந்தது.

வரவேற்புக்குப் போய்ச் சேருவதும் லேசில்லை. நாட்டில் பாதிப் பேர் ஒரு நாளாவது நடந்தால்தான் சாலையைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கோவேறு கழுதை மேல் போனார்கள், கழுதை மறுத்த இடத்தில் நடந்து போனார்கள். களத்தில் வேலையை நடத்தியவர்களில் சீரோ டி குவாட்ரோஸ் என்ற பிரேசில்காரர் முக்கியமானவர். 1974 செப்டம்பரில் பேரரசர் ஹைலே செலாசியை ராணுவக் குழு நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டது. ஆட்சி போனது, அமைச்சர்கள் போனார்கள், அம்மை மட்டும் ராஜினாமா செய்யவில்லை. வேலையை நிறுத்த முடியுமா?

ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் உள்நாட்டுச் சண்டை நடக்கிற இடத்தில் வானத்திலிருந்து இறங்குகிறவனை யார் நம்புவார்கள்? கிளர்ச்சிக்காரர்கள் ஒரு விமானியைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டார்கள். அவர் கையில் தடுப்பூசி மருந்து இருந்தது. நேரமும் நிறைய இருந்தது. பிடித்து வைத்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து குத்திவிட்டாராம். உலகப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தின் தலைவராக ஜெனீவாவில் இருந்த அமெரிக்கர் டி. ஏ. ஹெண்டர்சன் பிற்பாடு ரசித்துச் சொன்ன கதை இது. பிணைக்கைதியும் விடாமல் இலக்கை எட்டியிருக்கிறார் என்றால், அந்தக் கூட்டத்துக்குப் பிடித்திருந்த பைத்தியத்தின் அளவு புரியும்.

1976 ஆகஸ்டில் எத்தியோப்பியாவின் கடைசி நோயாளியும் கிடைத்தார். அப்பாடா என்று உட்காரலாம் என்று பார்த்தால், செப்டம்பரில் பக்கத்து வீடான சோமாலியாவில், தலைநகர் மொகதிஷுவிலேயே அம்மை. அதிபர் சியாத் பர்ரேயின் அரசாங்கம் வழக்கமான முதலுதவியைச் செய்தது: வாயை மூடிக்கொண்டது. வெளியே தெரிந்தவரைக்கும் எல்லாம் எத்தியோப்பியாவிலிருந்து வந்த சரக்கு என்றார்கள். பிறகு மறைக்க முடியவில்லை. 1977இல் மட்டும் 3,229 பேர். அது போதாதென்று அந்த ஜூலையிலேயே எத்தியோப்பியாவோடு ஒகாடென் பகுதியில் பெரிய போர். ஜனத்தொகையில் பெரும்பங்கு ஒட்டகத்தோடும் ஆட்டோடும் நகர்ந்துகொண்டே இருக்கிற மேய்ச்சல்காரர்கள். கதவு எண் கிடையாது, சொல்லப்போனால் கதவே கிடையாது.

இப்படிப்பட்ட நாட்டில் கண்காணிப்பு நடந்த முறையைக் கேட்டால் இன்றைய ஆலோசகர்களுக்கு மயக்கம் வரும். அம்மை வார்த்த குழந்தையின் படம் போட்ட ஒரு அட்டை. அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கும் சந்தைக்கும் போய், ‘இந்த மாதிரி யாரையாவது பார்த்தீர்களா?’ என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் மழுப்பினால் சின்னப் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். யாராவது ஆமாம் என்றால் அது புரளியோ நிஜமோ, போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நிஜம் என்றால் நோயாளியைத் தனியே வைத்து, சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் இரட்டை முனை ஊசியால் பதினைந்து குத்து. தகவல் சொன்னவருக்குச் சன்மானம். கிராமத்து வம்புக்குச் சம்பளம் போட்ட ஏற்பாடு என்றும் சொல்லலாம். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான அமைப்பு கிடையாது. இதைவிட நன்றாக வேலை செய்ததும் அதிகம் கிடையாது.

அந்த அமைப்புக்கே தண்ணி காட்டியவர் ஒரு சமையல்காரர்.

அலி மாவ் மாலின், வயது 23, மெர்கா ஊர் மருத்துவமனைச் சமையல்காரர். கொஞ்ச காலம் அம்மை குத்தும் வேலையும் பார்த்தவர். ஊழியர்கள் எல்லோரும் குத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் குத்துகிறதைப் பார்த்தால் வலிக்கும்போல இருந்ததால், இவர் நழுவிவிட்டார். ஊரெல்லாம் குத்தப் போன கைக்குத் தன் தோளில் வாங்கிக்கொள்ளத் தைரியம் இல்லை.

1977 அக்டோபர் 12 அன்று அம்மை கண்ட இரண்டு குழந்தைகளோடு ஒரு வண்டி மருத்துவமனைக்கு வந்தது. தனிமை முகாமுக்கு வழி எது என்று டிரைவர் கேட்டார். நம்ம ஊர்க்காரர் மாதிரியே இவரும், வாயால் சொன்னால் புரியாது என்று தானே ஏறி உட்கார்ந்து வழிகாட்டினார். சில நிமிடப் பயணம். அக்டோபர் 22இல் காய்ச்சல். மருத்துவமனையில் படுக்க வைத்து மலேரியா என்றார்கள். 26ஆம் தேதி உடம்பில் கொப்புளம். சின்னம்மை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். முள்காட்டில் ஒட்டகத்தைத் தொடர்ந்து ஓடித் தேடிய நோய், சொந்த வார்டில் கட்டில் போட்டுப் படுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறது. ஊழியர்தானே, எப்போதோ குத்தியிருப்பார் என்ற நம்பிக்கைதான் காரணம்.

30ஆம் தேதி, கூட வேலை பார்த்த ஒரு ஆண் நர்ஸ் போய்ச் சொன்னார். அப்போது சன்மானம் 200 சோமாலி ஷில்லிங். நட்பா, பணமா, பொது நன்மையா என்றெல்லாம் நாம் கிளற வேண்டாம்; சொன்னார், அதுதான் விஷயம்.

அப்புறம் மெர்காவே அல்லோலகல்லோலப்பட்டது. மாலின் எல்லோருக்கும் வேண்டியவர். பார்க்க வந்த கூட்டம் கொஞ்சமில்லை. தொடர்பில் இருந்த 161 பேரைத் தேடிப் பிடித்தார்கள். மருத்துவமனை புது நோயாளிகளுக்குக் கதவைச் சாத்தியது. ஊரைச் சுற்றிப் போலீஸ். இரண்டு வாரத்தில் 54,777 பேருக்கு ஊசி. அவரிடமிருந்து இன்னொருவருக்கு அம்மை போகவில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மை அவரோடு முடிந்தது.

உடனே யாரும் நம்பிவிடவில்லை. இன்னும் இரண்டு வருடம் அதே அட்டையோடு அதே கிணற்றடியில் நின்று கேட்டார்கள். நடுவில் 1978இல் அம்மை மறுபடி தலைகாட்டியது, ஆனால் ஆப்பிரிக்காவில் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தில். 1980 மே 8 அன்று உலகத்தில் பெரியம்மை இல்லை என்று முறைப்படி அறிவித்தார்கள்.

மாலின் பிழைத்து எழுந்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்பு வேலையில் சேர்ந்து, சொட்டு மருந்து வேண்டாம் என்ற பெற்றோர்களிடம் தன் கதையைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 2013 ஜூலையில், அந்த வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். காரணம் மலேரியா.