இரும்பு இருந்தும் பட்டினி!

கேள்வி: போன்சாய் அசேலியாவின் இலை மஞ்சளாகிறதே, மண்ணில் இரும்புச்சத்து இல்லையா?

பதில்: பெரும்பாலும் இருக்கும், வேருக்குத்தான் எட்டாது. மண்ணில் காரம் ஏறினால் இரும்பு கரையாமல் முரண்டு பிடிக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை வெளுக்கும்.

ஜப்பானியர் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம் கனுமா மண். பேருக்குத்தான் மண், அகாகி எரிமலை 40,000 ஆண்டுகளுக்கு முன்பே கக்கிய நுரைக்கல் அது. டோச்சிகி மாகாணத்தின் கனுமா நகரப் பக்கம் தோண்டி எடுக்கிறார்கள். இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. சட்சுகி அசேலியாவுக்கு உயிர்! ஈரமாக இருந்தால் மஞ்சள், காய்ந்தால் வெளிறல் என்று தண்ணீர் ஊற்றும் நேரத்தையும் அதுவே சொல்லிவிடும்.

அதற்காக, சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரையே தினமும் ஊற்றினால் கனுமாவும் கையை விரித்துவிடும். மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

ஆலமரப் போன்சாய் வளர்ப்பவர்களுக்கு இந்த வம்பெல்லாம் அவ்வளவாக இல்லை.