பர்கரைவிட விலை கூடிய படம்

பெறுநர்:
உரிமப் பிரிவு மேலாளர் அவர்கள்,
இணையத் திரை நிறுவனங்கள், அமெரிக்கா.

பொருள்: ஆவணப்படத்தைக் காசு கொடுக்காமலும் திருடாமலும் பார்க்க வழி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

தொழிற்சாலை உணவைப் பற்றி ராபர்ட் கென்னர் இயக்கிய ‘ஃபுட், இன்க்.’ (2008) படத்தைத் தேடி உங்கள் வாசலுக்கு வந்தேன். 2010-ல் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் அதை இலவசமாகவே ஒளிபரப்பியது. அன்று பார்க்கத் தவறியவனுக்குத் தண்டம் விதிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தில் ஒரு குடும்பம் ப்ரோக்கோலி வாங்கக் கட்டுப்படியாகாமல் ஒரு டாலர் பர்கருக்குப் போகிறது. அரசு மானியத்தில் விளைந்த சோளம் மாட்டுக்குத் தீனியாகிறது. அதனால்தான் இறைச்சி மலிவு என்கிறது படம். நீங்கள் ஒரு படி மேலே போய்விட்டீர்கள். இத்தனையும் சொல்லும் படத்துக்கு நீங்கள் கேட்கும் வாடகை, அந்த ஒரு டாலர் பர்கரைவிட அதிகம். தின்பது மலிவு, தெரிந்துகொள்வது விலை!

விளம்பரத்தோடு இலவசம் என்றது ஒரு தளம். பண்ணைக்காரப் பெண் கொட்டகைக்குள் செத்த கோழிகளைப் பொறுக்கும் நேரத்தில் படம் நின்றது. பொரித்த கோழி பளபளவென்று வந்தது. டைசன், பெர்டியூ, ஸ்மித்ஃபீல்டு, மான்சான்டோ நிறுவனங்கள் இந்தப் படத்துக்குப் பேட்டி தர மறுத்துவிட்டன. எதிர்த்தரப்பு பேசவில்லையே என்ற குறையை விளம்பர இடைவேளை தீர்த்துவைத்தது.

சட்டப்படியான இன்னொரு வழி பொது நூலகம். அதன் உறுப்பினர் அட்டை இருந்தால், நூலகம் சேர்ந்துள்ள கனோபி தளத்தில் ஏராளமான ஆவணப்படங்கள் பார்ப்பவருக்கு இலவசம். கட்டணம் நூலகத்தின் தலையில். பார்ப்பவர் பெருகப் பெருக பில்லும் பெருகும். செலவு தாங்காமல் நியூயார்க் பொது நூலகம் 2019-ல் அந்தச் சேவையையே நிறுத்தியது. வாசகர்கள் ஆர்வம் காட்டினால் நூலகத்துக்கு அபராதம்; அருமையான ஏற்பாடு.

ஆஸ்திரேலியாவில் ‘டொமினியன்’ (2018) எடுத்தவர்களோ, பண்ணை விலங்குகளைப் பற்றிய தங்கள் படத்தை யூடியூபில் தாங்களே இலவசமாக விட்டுவிட்டார்கள். இந்தக் கெட்ட பழக்கம் பரவுமுன் தாங்கள் தலையிட வேண்டும்.

என் கோரிக்கைகள் இரண்டே:

1. கோழிக் காட்சிக்கு நடுவே கோழி விளம்பரம் போடும்போது, எது படம், எது விளம்பரம் என்று ஓரத்தில் எழுதிக் காட்டவும். இரண்டில் எதை நம்புவது என்று குழந்தைகள் கேட்கிறார்கள்.

2. வாடகையைப் பர்கர் விலைக்கு இறக்கவும். இயலாதென்றால், படங்களைச் சோளத்திலிருந்து தயாரிக்க முடியுமா என்று பார்க்கவும். மானியம் கிடைக்கும்; விலை தானாக இறங்கிவிடும்.

இப்படிக்கு,
சந்தா கட்டாத ரசிகன்