வெள்ளை சிமெண்ட் மரபு: கழிப்பறைப் பிளேஞ்ச் குறித்து ஒரு முன்னாய்வு

கழிப்பறையைப் பற்றிப் புலமையோடு எழுதுவது புதிதன்று. 1596-இல் இங்கிலாந்தின் சர் ஜான் ஹாரிங்டன் தாம் அமைத்த நீர்க்கழிப்பிடத்தை வைத்து மேற்கோள்கள் மலிந்த நூலொன்றே எழுதினார். குழாய் வாயையும் கோப்பையையும் தரையில் இணைக்கும் பிளேஞ்ச் என்னும் வளையத்தை அவர் ஆராயாதது பொறுக்கத்தக்கது. அவர் காலத்தில் அது இல்லை. நம் அறிஞர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆய்வுக்களம், தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தருவைகுளம். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பளம். இந்தக் காற்றில் கோப்பையைப் பிளேஞ்சோடு பிணைக்கும் இரும்பு போல்ட் நிலைக்காது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கொள்க.

பிளேஞ்ச் மூவகைப்படும். புது டைல்ஸின் மேல் அடி பதிய உட்கார்ந்தது உத்தமம். தரையோடு தரையாக இருப்பது, கோப்பைக்கும் அதற்கும் இடையில் வைக்கும் சீல் தடித்ததானால் பிழைக்கும். தரைக்குள் புதைந்ததே ஆய்வுக்குரியது. பழைய டைல்ஸை உடைக்கச் சோம்பி அதன்மேலேயே புதிதை ஒட்டினால், டைல்ஸும் பசையுமாகத் தரை அரை அங்குலம் உயரும், பிளேஞ்ச் உயராது. சீல் அழுந்தாது. ஒவ்வொரு ஃபிளஷ்ஷுக்கும் கொஞ்சம் தண்ணீர் டைல்ஸுக்கடியில் இறங்கும். எக்ஸ்டென்ஷன் வளையம் வைத்து உயர்த்துக என்பது பிளம்பர் மரபு.

சுவரிலிருந்து குழாய் மையம் வரையுள்ள தூரத்தைச் சுவர் டைல்ஸ் ஒட்டிய பின்பே அளக்க. இதற்கு உரை வேண்டா.

இனி வெள்ளை சிமெண்ட். “கோப்பையின் அடியைச் சுற்றிப் பூசினால் எல்லாம் அடங்கும்” என்பர் கொத்தனார் மரபினர் (வாய்மொழி, டீக்கடை, காலை). அது பொருந்தாது. என்னை? பூச்சு ஒழுக்கை நிறுத்தாது, மறைக்கும், ஆகலான் பின்புறம் சிறிது இடைவெளி விடுக என்பர் பிளம்பர் மரபினர் (மேற்படி, இரண்டாம் டீ). அஃதே எனின், அவ்விடைவெளி வழியே கரப்பான் வாராதோ எனின், வரும், ஒழுக்கும் அவ்வழியே வெளிப்பட்டு உண்மை உரைக்கும் என்க (மறுப்புக்கு மறுப்பு, மூன்றாம் டீ, கடன், காண்க: கணக்கு நோட்டு, எண்ணெய்க்கறைப் பக்கம், இடப்புற ஓரம், பாடபேதம்: வடை). கோப்பையை சிமெண்டிலேயே புதைத்தால் அடுத்த பழுதுபார்ப்பில் பீங்கான் உடையும் என்பதில் மட்டும் இரு மரபினருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் புதைப்பார்கள்.

பண்டைக் கொற்கையிலேயே பிளேஞ்ச் இருந்தது என்று நிறுவ யாரேனும் இந்நேரம் தாள் வாங்கியிருக்கக்கூடும். அவசரமில்லை. இதே மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் தோண்டியதற்கு முழு அறிக்கை எங்கே என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. பிளேஞ்ச் அப்படியெல்லாம் காக்க வைப்பதில்லை. மாடி வீடானால் சில வாரங்களில் கீழ்வீட்டுக் கூரையில், மஞ்சள் நிறத்தில், வரைபடத்தோடு அறிக்கை வெளியாகிவிடும். பதிப்பாசிரியர் மேல்வீட்டுக்காரர், மறுப்புரை கீழ்வீட்டுக்காரர், மாடிப்படியில் நின்று, உரத்த குரலில்.