பாதி டிகாஷன், மீதி செவலை

லுண்ட், சுவீடன்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி, மாமாவின் சுகர், செவலையின் மடிவீக்கம் எல்லாம் எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "காலைல என்னலே குடிச்ச?" என்று கேட்டீர்கள். "காபி" என்றேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அத்தை, நான் பாலை விட்டு ஆறு மாதம் ஆகிறது. காபியில் ஊற்றுவது ஓட்ஸ்.

காரணம் வயிறு. பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் நொதி குழந்தையில் அநேகமாக எல்லாருக்கும் சுரக்கும். வளர்ந்த பிறகு நம் பக்கத்தில் பலருக்குக் குறைந்துவிடும். இந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுசுக்கும் கூடவே வருகிறது. "அப்படின்னா ஊர்ல எப்படிக் குடிச்சேன்?" என்று டாக்டரிடமே கேட்டேன். ஊரில் குடித்தது ஒரு டம்ளர், அதிலும் பாதி டிகாஷன். மற்றதெல்லாம் தயிரும் மோரும். உறை ஊற்றி வைத்ததும் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியாவே தின்றுவிடும். இங்கே ஆபீசில் காபி என்றால் செம்பு அளவு குவளை, அது நிறையப் பால். வயிறு தவில் வாசிக்காமல் என்ன செய்யும்?

லாக்டோஸை உடைத்த பசும்பாலும் கிடைக்கிறது. வாங்கி வந்தேன். வீட்டுக்காரி கரியமில வாயுக் கணக்கோடு வாசலில் நின்றாள். பசும்பாலுக்கு ஆவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் செடிப்பாலுக்கு ஆகுமாம். "உங்க வயித்துக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது" என்றாள். வயிறு என்னுடையது, பூமி பொது. எதிர்த்துப் பேச இடமில்லை.

கடையில் போய் நின்றால் ஒரு அலமாரி முழுக்கப் பெட்டிகள். சோயா, பாதாம், அரிசி, பட்டாணி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு. ஆமாம் அத்தை, உருளைக்கிழங்குதான். இந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்து 2021-இல் கடைக்கு வந்தது. நாம் சொதிக்கு உருளைக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் போடுவோம். இங்கே அதையே கறந்துவிட்டார்கள்.

முதலில் சோயா வாங்கினேன். டிகாஷனில் ஊற்றியதும் திட்டுத் திட்டாகத் திரிந்து நின்றது. சூடும் காபியின் புளிப்பும் சேர்ந்தால் சோயாவின் புரதம் கட்டிக்கொள்ளும். வேண்டுமென்றே கட்டவைத்தால் அதற்கு டோஃபு என்று பெயர். தெரியாமல் கட்டினால் என் காலைக் காபி. அடுத்தது பாதாம். கல்யாண வீட்டுப் பாதாம்பாலை நினைத்துக்கொண்டு குடித்தேன். பெட்டியில் பாதாம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். பாதாமைக் கழுவிய தண்ணீர் போல இருந்தது. அரிசிப்பாலை வாங்கவே இல்லை. அதில் ஆர்சனிக் இருப்பதால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று இந்த நாட்டு உணவுத் துறையே சொல்கிறது. நம் பாப்பாவுக்கு நாலு வயசு. எதைத் திறந்து குடிப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஓட்ஸில் வந்து நின்றேன். அதுவும் லுண்ட் சரக்குதான். ரிக்கார்ட் ஓஸ்தே என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில், என்னைப் போன்ற வயிற்றுக்காரர்களை மனதில் வைத்துச் செய்தது. ஓட்ஸைத் தண்ணீரில் கரைத்து நொதி சேர்த்தால் மாவுச்சத்து உடைந்து மால்ட்டோஸ் ஆகிறது. சீனி போடாமலே லேசாக இனிக்கும். காபிக்கென்றே எண்ணெய் கூட்டி, புளிப்பைச் சமாளிக்க ஓர் உப்பும் சேர்த்த பெட்டி தனியாக உண்டு. ஆற்றினால் நுரைகூட வருகிறது.

பெட்டியின் ஓரத்தில் "ஓட்ஸ் 10%" என்று போட்டிருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். லாக்டோமீட்டர் ஒரு கோடு இறங்கியதற்குச் சொசைட்டிக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்த்தார் என்று மூன்று நாள் அங்கே பால் ஊற்றாமல் இருந்தீர்களே! நம் ஊரில் பாலில் தண்ணீர் கலந்தால் களவு. இங்கே தண்ணீரில் ஓட்ஸ் கலந்தால் கண்டுபிடிப்பு. விலையும் பசும்பாலைவிடக் கூட.

தயிரில்தான் தோற்றுப்போனேன். பசும்பாலில் இருக்கும் கேசீன் இதில் கிடையாது, அதனால் உறை ஊற்றினாலும் கட்டாது. மறுநாள் திறந்தால் வழவழவென்று புளித்த கஞ்சி. நீங்கள் செய்வதுபோல மிளகாய்க் காம்பு போட்டும் பார்த்தேன். மிளகாய்க் காம்பு போட்ட புளித்த கஞ்சி கிடைத்தது.

போன மாதம் ஆபீஸ்காரர்கள் ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கிடந்த மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் நாள். கோடையில் கறவை மாடுகளை வெளியே மேயவிட வேண்டும் என்று இங்கே சட்டமே உண்டு. பார்க்கப் பிள்ளைகுட்டியோடு தேர்க்கூட்டம். கதவைத் திறந்ததும் அவ்வளவு பெரிய மாடுகள் கன்றுக்குட்டி மாதிரி பின்னங்காலை உதறிக்கொண்டு துள்ளின. பக்கத்தில் நின்றவர் கண் கலங்கிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றி, பையிலிருந்து ஓட்ஸ் பெட்டியை எடுத்தார். எனக்கும் ஒரு குவளை தந்தார். மாடுகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்க முடியவில்லை. திரும்பி நின்று குடித்தேன்.

இதையெல்லாம் பால் பால் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அது சட்டப்படி தப்பு. பெட்டியில் "ஓட்ஸ் பானம்" என்றுதான் இருக்கும். 2014-இல் இங்குள்ள பால் சங்கம், பசும்பாலை மட்டம் தட்டி விளம்பரம் செய்கிறார்கள் என்று ஓட்ஸ் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. மறு வருடம் தீர்ப்பும் சங்கத்தின் பக்கம் வந்தது. 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது: மடியிலிருந்து வந்தால்தான் பால், செடியிலிருந்து வந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. வழக்கத்தில் ஊறிப்போன சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சிலதில் ஒன்று எது தெரியுமா? தேங்காய்ப்பால்!

போன ஞாயிறு சொதி வைத்தேன். டின்னில் வருவது கெட்டிப்பால் மட்டும். அதில் பாதியை எடுத்துத் தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால் ஆக்கிக்கொண்டேன். ஆக, உங்கள் மருமகனும் பாலில் தண்ணீர் கலந்துவிட்டான். காய் வெந்ததும் கெட்டிப்பாலை ஊற்றிக் கொதிக்குமுன் இறக்கி, இஞ்சித் துவையலோடு சாப்பிட்டோம். வயிறு வாயே திறக்கவில்லை, வீட்டுக்காரி கணக்கு எடுக்கவில்லை. தொழுவத்தில் செவலையை வைத்துக்கொண்டே என் மறுவீட்டுக்குச் சொதி வைத்தீர்கள் நீங்கள். நான் செடிப்பாலைத் தேடி ஆறு மாதம் அலமாரி அலமாரியாக அலைந்திருக்கிறேன்.

அந்தத் தைரியத்தில் தேங்காய்ப்பாலில் காபியும் போட்டேன். அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

ஆடியில் வருகிறோம். காலையில் எனக்கு ஒரே ஒரு டம்ளர். பாதி டிகாஷன், மீதி செவலை. இன்னொன்று கேட்டால், அழுதாலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் அன்பு மருமகன்